இருட்டுத் தட்டு

இன்று கம்பெனி கேன்டீனில் சப்பாத்தியைச் சில்வர் ஃபாயிலில் சுற்றிக் கொடுத்தார்கள். பிரிக்க மனம் வரவில்லை. பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். "இன்னாம்மா, பாத்துக்கினே கீற? லைன் ஸ்டார்ட் ஆவப் போவுது" என்று சூப்பர்வைசர் விரட்டினார். அவரிடம் என்னத்தைச் சொல்ல? ஆய்வகத்தில் வெளிச்சம் படாமலிருக்க ஒவ்வொரு குடுவைக்கும் நீ ஃபாயில் சுற்றுவாயே, கைக்குழந்தைக்குக் குல்லா மாட்டுவதுபோல இழுத்து இழுத்துவிட்டு. அது ஞாபகம் வந்துவிட்டது.

கல்லூரியில் நாம் இருவரும் சேர்ந்து ருத்தேனியம் என்ற உலோகத்தை வைத்து ஆரஞ்சு நிறத்தில் ஒரு சேர்மம் செய்தோம். இருட்டில் அது சும்மா கிடக்க வேண்டும். வெளிச்சம் பட்டால்தான் விழித்துக்கொண்டு புற்றுநோய்ச் செல்லைக் கொல்ல வேண்டும். வாய்ப்புற்றுக்குக் கொடுத்த கதிர்வீச்சில் உன் அம்மாவுக்கு நாக்கு வரை வெந்துபோனதைப் பார்த்துவிட்டுத்தான் நீ இந்தத் தலைப்பை எடுத்தாய். "லைட்டு எங்க அடிக்கிறமோ அங்க மட்டும் வேலை செய்யணும்டி. மத்த எடத்தத் தொடவே கூடாது" என்பாய்.

சோதிக்க இரண்டு தட்டுகள். இரண்டிலும் அதே செல்கள், அதே மருந்து. ஒன்றுக்கு வெளிச்சம் காட்டுவோம், மற்றது மூடிய பெட்டிக்குள் இருக்கும். வெளிச்சத் தட்டில் செல்கள் சாக வேண்டும், இருட்டுத் தட்டில் பிழைக்க வேண்டும். இருட்டிலும் செத்தால் அது மருந்தல்ல, வெறும் விஷம்.

நமக்குக் கிடைத்தது ஒரே வாய்ப்பு. செல்களே வேறு கல்லூரியில் கெஞ்சிக் கேட்டு வாங்கியவை. சேர்மமும் தீர்ந்துவிட்டது, நம் ஆய்வுக் காலமும் முடிந்துவிட்டது. அன்று மத்தியானம் நீ சாப்பிடப் போனாய். லேபிள் சரியாக இருக்கிறதா என்று பார்க்க நான் பெட்டியைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து போன் வந்தது. ஒரகடம் கார் கம்பெனி எச்.ஆர். வேலை கிடைக்கப்போகிற படபடப்பில் வராந்தாவுக்கு ஓடினேன். அரை மணி நேரம் கழித்துத் திரும்பினால் பெட்டி ஜன்னலோரம் திறந்தபடியே கிடக்கிறது. அவசரமாக மூடினேன். உன்னிடம் சொல்லவில்லை.

மறுநாள் இரண்டு தட்டிலும் எல்லாம் செத்துக் கிடந்தன. நீ அழவில்லை. "இருட்டிலும் கொல்கிறது. கைவிடலாம்" என்று நோட்டில் எழுதினாய். பக்கத்தின் அடியில் சாட்சிக் கையெழுத்து வேண்டும் என்பது ஆய்வக வழக்கம். நோட்டை என் பக்கம் தள்ளினாய். போட்டேன். பாவி, மறக்காமல் தேதியும் போட்டேன்.

கொஞ்ச நாளில் நீயும் என் பின்னாலேயே இங்கே வந்து சேர்ந்தாய். பெயின்ட் ஷாப்பில், ஜன்னலே இல்லாத கூண்டுக்குள், கண் கூசும் டியூப் லைட்டுகளுக்கு நடுவே, காரின் மேல் தூசி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் வேலை. "இருட்டுக்குக் காவல் நின்னோம், இப்ப வெளிச்சத்துல புடிச்சு அடைச்சுட்டானுங்க" என்று சிரித்தாய். டீ பிரேக்கில் சில நாள், "அந்த டார்க் பிளேட்டு எப்டிடீ செத்துச்சு? எனக்கு இன்னும் புரியவே இல்ல" என்பாய். "விடுட்டி, பழசப் போட்டுக் கிளறாத" என்று எங்கள் ஊர்ப் பேச்சில் அதட்டி உன் வாயை அடைப்பேன். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட வாயெடுத்தேன். அடுத்த வாரம் சொல்லலாம், பொங்கல் லீவில் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். அதற்குள் சிங்கப்பெருமாள் கோவில் ரோட்டில் நீ வந்த ஷேர் ஆட்டோ கவிழ்ந்து நீ போய்விட்டாய். அதற்குப் பிறகு யாரிடம் சொல்ல?

உன் இடத்தில் இப்போது வேறொரு பெண் நிற்கிறாள். நான் அதே கூண்டில், அதே வெளிச்சத்தில். சில நேரம் மூச்சு முட்டுகிறது. கதவு திறந்துதான் இருக்கிறது, ஆனால் எங்கே போவது என்று தெரியவில்லை.

போன ஞாயிறு குன்றத்தூரில் உன் வீட்டுக்குப் போனேன். உன் அம்மா இன்றும் கஞ்சிதான் குடிக்கிறார். உன் நோட்டை எடுத்துவந்து என் மடியில் வைத்தார். "நீதாம்மா அவகூடவே இருந்த. நீயே வச்சிக்கோ. எனக்கு இன்னா புரியப் போவுது?" வெந்த வாயிலிருந்து ஒவ்வொரு சொல்லாக வந்தது. காலில் விழுந்து சொல்லியிருக்க வேண்டும். வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

நோட்டில் எதையும் அழிக்கக் கூடாது, கிழிக்கக் கூடாது. தவறென்றால் ஒற்றைக் கோடு, கீழே திருத்தம், கையெழுத்து, தேதி. அதற்கும் ஒரு சாட்சி. இதில் நீ படு கறார். நேற்று உன் வரியின் மேல் கோடு போட்டுவிட்டுக் கீழே எழுதினேன்: "பெட்டி அரை மணி நேரம் வெளிச்சத்தில் திறந்திருந்தது. திறந்தவள் நான். சோதனை செல்லாது. மீண்டும் செய்து பார்க்க வேண்டும்."

வார லீவில் நம் பேராசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன். திட்டட்டும். யாராவது அந்தச் சேர்மத்தை மறுபடி செய்து பார்க்கட்டும். அது மருந்தோ விஷமோ, நமக்குத் தெரியவே தெரியாது. அதுவரை நோட்டு என் ஷிஃப்ட் பையில், சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் இருக்கிறது. திருத்தத்துக்குக் கீழே சாட்சிக் கையெழுத்துக்கான இடம் மட்டும் காலி. அங்கே கையெழுத்துப் போட உன்னைத் தவிர எனக்கு யாரையும் தெரியவில்லை.