ஆம்புலன்ஸுக்கு இரண்டாவது ஆள்

ஜனவரி 16
சட்டசபை உறுப்பினராகி மூன்று நாள். எனக்குக் கடைசி வரிசை, கழிப்பறைக்குப் போகிற வழி. பதினேழு வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் நின்றே பழகியவளுக்கு இந்த உட்கார்ந்த உத்தியோகத்தில் முதுகு பிடித்துக்கொள்கிறது. ஆரின் போனில் சிரிக்கிறார்: "அங்கயும் யாரையாவது தட்டைக் கழுவச் சொல்லிடாத!" கட்டின புருஷன் பேசுகிற பேச்சா இது?

ஜனவரி 18, சனி
ஊர் நூலகத்தில் காபிக் கூட்டம். சனிக்கிழமையானால் பனியோ புயலோ, உறுப்பினர் ஊர் திரும்பி ஜனங்கள் முன்னால் நின்றாக வேண்டும். என் மசோதாவை விளக்கினேன். இப்போதைய சட்டப்படி, மருத்துவப் பயிற்சி பெற்ற இருவர் இருந்தால்தான் ஆம்புலன்ஸ் கிளம்பலாம். எங்கள் ஊரில் அப்படி மிச்சமிருப்பதே மூன்று பேர், என்னையும் சேர்த்து. பயிற்சி பெற்றவர் ஒருவர், நன்றாக ஓட்டத் தெரிந்தவர் ஒருவர் போதும் என்று மாற்றக் கேட்கிறேன்.

எல்லோரும் தலையாட்டினார்கள். ஜோலீன் மட்டும் கோட்டைக்கூடக் கழற்றாமல் எழுந்தாள். "இதெல்லாம் ரெண்டு வருஷம் முன்னாடி தெரியலையா, மார்லிஸ்?" கேட்டுவிட்டுப் போய்விட்டாள். சாவு வீட்டுக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

ஜனவரி 19
எழுதிவிடுகிறேன். ஜோலீனின் கணவன் வெஸ், தொழுவத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். நான் வண்டியில் தயார். என் ஜோடி ஆள் முப்பது மைல் தள்ளி, சூரியகாந்தி அறுவடையில். தானிய லாரி ஓட்டுகிற ரோஜர் பக்கத்திலேயே நின்றார். "நான் ஓட்டுறேன், வா" என்றார். சட்டம் இடம் கொடுக்காது, லைசென்ஸ் போய்விடும் என்று மறுத்தேன். ஜோடி ஆள் வந்து சேர நாற்பது நிமிடம் — அதற்குள் வெஸ் போய்விட்டான். யார் மறுத்தது? நான்தான். ஏன்டி மறுத்தே?

அதற்காகத்தான் தேர்தலில் நின்றேன். ஜோலீனிடம் இதைச் சொல்ல எந்த முகத்தோடு போவது?

பிப்ரவரி 6
சுகாதாரக் குழுவில் மசோதா தேறியது. ஆதரவு ஏழு, எதிர்ப்பு ஆறு. உயிர் போய் உயிர் வந்தது.

பிப்ரவரி 12
இன்று சபையில் மானம் போயிற்று என்றுதான் நினைத்தேன்.

பழம் தின்று கொட்டை போட்ட டெல்பர்ட் ஹோஃபர் எழுந்தார். "மாண்புமிகு உறுப்பினரே, அந்த ஓட்டுநருக்குப் பாடத் தெரியணுமா?" சபையே சிரித்தது. "வழியில காபி குடிக்க நிறுத்தலாமா?" இன்னொருவர்.

புதியவரின் முதல் மசோதாவைக் கிண்டலடித்து, முதலில் எல்லோரும் சிவப்புப் பொத்தானை அழுத்தி, ஆள் முகம் வெளுத்ததும் பச்சைக்கு மாற்றுவது இங்கே வழக்கமாம். எனக்கு யார் சொன்னார்கள்? நிஜமென்றே நம்பி எரிந்து விழுந்தேன்.

"பாட வேண்டாங்க. ஓட்டினா போதும். எங்க ஊர்ல ஓட்ட ஆள் இருந்தும் நான் நாப்பது நிமிஷம் சும்மா உக்காந்திருந்தேன். செத்தவர் பேரு வெஸ்."

டெல்பர்ட் மறுபடி எழுந்தார். "கேள்வியை வாபஸ் வாங்கிக்கிறேன்."

வாக்குப் பலகையில் ஐம்பத்தெட்டு பச்சை. பதினொரு சிவப்பு — விளையாட்டு இல்லை, நிஜ எதிர்ப்பு. நடைவழியில் டெல்பர்ட் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வழக்கப்படி முதல்ல சிவப்பைத்தான் அழுத்தணும். கை போகலைம்மா."

மார்ச் 20
மேலவையிலும் தேறி, ஆளுநர் கையெழுத்துப் போட்டுவிட்டாராம். கூட்டத்தொடர் முடிந்து நான் மறுபடி பள்ளிக்கூடத்தில். செய்தி வந்தபோது முழங்கை வரை மாவு. அழுதேன். பிள்ளைகள் வெங்காயம் என்று நினைத்துக்கொண்டன.

ஜூன் 27
ஓட்டுநர் பயிற்சிக்கு ஐந்து பேர் போயிருக்கிறார்களாம். ரோஜர் முதல் ஆள். மற்றவர்கள் பெயரைக் கேட்டால், "வர்றப்ப பாத்துக்கோ" என்கிறார். ரொம்பத்தான்!

ஜூலை 9
காலை பதினொன்றரைக்கு அழைப்பு. ஆல்வின் கிழவருக்கு மூச்சுத் திணறல். ஓட்டமும் நடையுமாக ஆம்புலன்ஸ் கொட்டகைக்குப் போனால், வண்டி ஏற்கெனவே உறுமிக்கொண்டிருக்கிறது. ஓட்டுநர் இருக்கையில் ஜோலீன்.

வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"என்ன பாக்குற? ஏறு, மார்லிஸ்."

ஏறினேன். அழைப்பு வந்து நான்காவது நிமிடம் நெடுஞ்சாலையில் இருந்தோம்.