ஓலைச் சிலுவையை நான்தான் கொடுத்தேன்

என் அன்பு ரெஜினா,

நீ இருந்தவரை உனக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. எழுத என்ன இருந்தது? கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில்தான் எப்போதும் இருந்தாய். நான் கூப்பிடுவதற்கு முன்பே "என்னா வேணும்?" என்று வந்து நிற்பாய். இப்போது பழக்க தோஷத்தில் கூப்பிட்டுவிடுகிறேன். பக்கத்துக் காம்பரா வீட்டிலிருந்துதான் "என்னாங்கண்ணே?" என்று கேட்கிறார்கள்.

வீட்டு நிலவரத்தைச் சொல்கிறேன். நம் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் மண் இறங்கிக்கொண்டே இருக்கிறது. சமைக்கிற குசினிச் சுவரில் கை நுழையும் அளவுக்கு விரிசல். பெருமழை வந்தால் எல்லாரையும் பாடசாலைக்குப் போய்விடச் சொல்லியிருக்கிறார்கள். வேறு வீடு எங்கே, எப்போது என்று யாரும் சொல்லவில்லை. நம் மகள் ஸ்டெல்லா பண்டாரவளைக் கடை வேலையை விடப்போகிறாள். வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போக பாஸ்போர்ட் எடுத்துவிட்டாள். நீ இருந்தால் விட்டிருப்பாயா? நான் தடுக்கவில்லை. இங்கேயே இரு என்று சொல்ல இங்கே என்ன இருக்கிறது?

நான் கோபமாக இருக்கிறேன், ரெஜி. உன் மேல் இல்லை. போன வருஷம் ஈஸ்டர் முடிந்த கையோடு, நீ தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த மலையில் குளவிக்கூடு கலைந்தது. மற்றவர்கள் ஓடித் தப்பினார்கள், நீ விழுந்துவிட்டாய். லொறியில் உன்னை ஏற்றிக்கொண்டு பசறை ஆஸ்பத்திரிக்கு இறங்கும்போது, வீங்கிப்போன உன் கழுத்தை உன் செபமாலையே இறுக்கிக்கொண்டிருந்தது. நான்தான் அதை அறுத்தேன். உன்னைக் காப்பாற்றட்டும் என்று நீ போட்டுக்கொண்டது அது. வழியிலேயே போய்விட்டாய். அன்றிலிருந்து நான் செபம் சொல்லவில்லை.

நான் எப்படிப்பட்ட கிறிஸ்தவன் என்று உனக்குத் தெரியாதா? உன்னைக் கட்டுவதற்காக ஞானஸ்நானம் வாங்கியவன். உன் முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் என் அண்ணன் வந்தார். பிளேன்டீயைக் குடித்து முடித்துவிட்டு, நிதானமாகத்தான் சொன்னார்: "அவளுக்காகத்தானேடா அங்க போன. இப்ப அவளே இல்ல. நம்ம சாமிகிட்டயே திரும்பி வந்துருடா."

பாசத்தில் சொன்னார். அவர் கேட்டதில் என்ன தப்பு? நீ நம்பினாய், நான் உன் பின்னால் வந்தேன். நீ போன பிறகு நான் யார் பின்னால் நிற்கிறேன்?

ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்குப் போவேன், உள்ளே போகமாட்டேன். வாசலுக்கு வெளியே செருப்புகள் கிடக்கும் இடத்தில் நிற்பேன். உள்ளே போக மனமில்லை, வீட்டில் இருக்கவும் முடியவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன குருத்தோலை ஞாயிற்றுக்கும் நீதானே மொனராகலைக்குப் போய் உன் அண்ணன் தோட்டத்துத் தென்னங்குருத்தைக் கொண்டுவந்தாய். நம் மலையில் ஏது தென்னை? வருஷா வருஷம் அந்தக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு, கண்டக்டரோடு சண்டை பிடித்துக்கொண்டு வந்து இறங்குவாய். லயத்தில் நம் கோயிலுக்குப் போகிற அத்தனை வீட்டுக்கும் நீதான் சிலுவை மடித்துக் கொடுப்பாய். கதவுக்கு மேல் செருகியபடி அது வருஷம் முழுக்கக் காயும். அடுத்த தவக்காலம் வரும்போது நம் கோயில் உபதேசியார் வீடு வீடாக வந்து பழைய சிலுவைகளை வாங்கிப்போவார். அவற்றை எரித்த சாம்பலைத்தான் விபூதிப் புதனன்று பாதர் நம் நெற்றியில் வைப்பார்.

இந்த வருஷம் உபதேசியார் நம் வீட்டுக்குக் கடைசியாக வந்தார். கையில் பிஸ்கட் டின், உள்ளே ஒன்றும் இல்லை. "இதென்னா அதிசயம் தம்பி. ஒரு வீட்டுல எலி கடிச்சிருச்சாம். ஒரு வீட்டுல மழையில நனஞ்சு அழுகிருச்சாம். இன்னொரு வீட்டுல காத்துல பறந்துருச்சாம். லயம் முழுக்க ஒண்ணுகூட இல்லையாம்" என்றார்.

"ஒங்க வீட்டுது?" என்று கேட்டேன்.

மனிதர் தலையைக் குனிந்துகொண்டார். "எங்க வீட்டம்மா குடுக்க மாட்டேங்கிறா. ரெஜினா மடிச்சது, நெருப்புல போட மனசு வரலேங்கிறா."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எலியும் இல்லை, மழையும் இல்லை. எல்லாரும் உன்னை ஒளித்து வைத்திருக்கிறார்கள். தவக்காலம் தொடங்கும் முன்பே இத்தனை பொய்! இவ்வளவு நாளும் உன்னை நினைத்துக்கொண்டிருப்பவன் நான் ஒருவன்தான் என்று இருந்தேன். இவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டு மலைக்குப் போவதைப் பார்த்து உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தேன்.

நம் வீட்டுச் சிலுவை கதவுக்கு மேலேயே இருந்தது. உபதேசியார் அதைப் பார்த்தார், கேட்கவில்லை. டின்னை மூடிக்கொண்டு போய்விட்டார்.

கொடுக்கும் எண்ணம் எனக்கும் இல்லை. உன் துணிகளைக் கொடுத்தாயிற்று. உன் விரல் மடித்த மடிப்பு அப்படியே இருந்தது அது ஒன்றில்தான். மடிக்கும் இடத்தில் நகத்தால் அழுத்தி ஒரு கோடு போடுவாயே, அதுகூட அழியவில்லை. கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். முன்பு ஒரு தடவை, அழகாக வந்திருந்த ஒன்றை எரிக்கக் கொடுக்காமல் வைத்துக்கொள்வோமே என்று சொன்னேன். "வச்சுக்கவா மடிச்சேன்? எரிக்கத்தானே மடிச்சேன்" என்று சிரித்தாய்.

அது எனக்கு அன்றைக்கும் விளங்கவில்லை, இன்றைக்கும் முழுதாக விளங்கவில்லை. ஆனால் எல்லாருமாக உன்னை ஒளித்து வைத்தால் இந்த லயத்தில் ஒரு நெற்றிக்கும் சாம்பல் இருக்காது. உனக்கு அது பிடிக்காது. அது மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது.

மறுநாள் கொண்டுபோனேன். உபதேசியார் தீப்பெட்டியை என்னிடமே நீட்டினார், நானே தீக்குச்சியைக் கிழித்தேன். சட்டென்று பிடித்து, சட்டென்று அடங்கிவிட்டது. ஒரு கைப்பிடிகூட இல்லை. நான் அதை எடுத்துப்போவதை லயமே பார்த்தது. தங்கள் வீட்டுச் சிலுவையோடு ஒருவரும் பின்னால் வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

புதன் பின்னேரம் பாதர் வந்தார். நான் வழக்கம்போல் வெளியே நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இருப்பது கொஞ்சம் என்பதால் விரல் நுனியில் தொட்டுத் தொட்டு வைத்தார். உன் கை பட்ட ஓலை எல்லார் நெற்றியிலும் லேசாகக் கறுத்திருந்தது. கடைசியில் கிண்ணம் காலியாகிவிட்டது. கடைசியாகப் போனவருக்கு வெறும் விரலைத்தான் வைத்தார்.

ஸ்டெல்லா லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். நீ போனதிலிருந்து சாப்பாடு, பஸ், பாஸ்போர்ட் தவிர நாங்கள் வேறெதுவும் பேசியதில்லை. பூசை முடிந்து வெளியே வந்தவள் என் நெற்றியைப் பார்த்தாள். தன் நெற்றியில் இருந்ததை ஒரு விரலால் தொட்டெடுத்து, செருப்புகளுக்கு நடுவில் நின்ற எனக்கு வைத்துவிட்டாள்.

"அம்மா மடிச்சதுப்பா. ஒங்களுக்கு இல்லாம எப்புடி?"

அழுதுவிட்டேன், ரெஜி. லொறியில் அழவில்லை. உன் குழியில் மண் போட்டபோதும் அழவில்லை. அன்றைக்கு அத்தனை பேர் பார்க்க அழுதேன். "ஆண்டவரே" என்று ஒரு சொல் வந்தது, அதற்கு மேல் வரவில்லை. நன்றி சொல்லவா, ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்கவா, எனக்கே தெரியவில்லை. அவர் அங்கே இருந்தார் என்று சத்தியம் பண்ணமாட்டேன். ஆனால் ஆளே இல்லையென்றால் நான் யாரைக் கூப்பிட்டேன்?

இதனால் எதுவும் மாறிவிடவில்லை. விரிசல் இன்னும் அகலமாகியிருக்கிறது. ஸ்டெல்லா ஈஸ்டர் முடிந்ததும் போகிறாள். அதற்குப் பிறகு இந்த வீட்டில் யாருக்குச் சமைப்பேன், எதற்கென்று விடிந்ததும் எழுந்திருப்பேன்?

அண்ணன் மறுபடியும் வந்தார். "அவ நம்புனவர விட்டுட்டு வர மனசு வரலண்ணே" என்று சொன்னேன். அவர் என் தோளில் கை வைத்து, சாப்பிட்டியா என்று கேட்டார்.

வருகிற ஞாயிறு நானும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. செபம் சொல்வேன் என்று வாக்குக் கொடுக்க முடியாது. எல்லாரும் சேர்ந்து சத்தமாகச் சொல்லும்போது என் வாய் மூடித்தான் இருக்கும். நீ ஆண்டவர் பக்கத்தில்தான் இருக்கிறாய் என்றால், அவர்கள் சொல்வதை எனக்கும் சேர்த்தே எடுத்துக்கொள்ளும்படி கொஞ்சம் சொல்லி வை.

இன்னும் உன் பின்னாலேயே வந்துகொண்டிருக்கும்
உன் வீட்டுக்காரன்,
நம் ஸ்டெல்லாவின் அப்பா