யூசுப் கதையின் மீதி

நூரு, மிஷன் கடையில நான் வாங்குன புஸ்தகத்தை எங்க ஒளிச்சு வச்ச? ‘சாகக் கெடக்குறவருக்குச் சாவைப் பத்தியே வாசிக்கிறியே, கிறுக்கா உனக்கு’ன்னு நேத்து கத்துன. விசுவாசத்தோட சாகுறதைப் பத்தி வாசிக்கச் சொன்னதே அருளப்பன் அண்ணாச்சிதான். எங்க ஊரு நாசரேத்தை விட்டு வந்து, இந்த ஊர்ல எனக்குன்னு இருக்கது அவரு ஒருத்தருதான். இப்ப வெறுங்கையோட அவரைப் பாக்க ஆஸ்பத்திரிக்குப் போறேன். சோறு வடிச்சிட்டேன். கொழம்பை மூடி வையி, பூனை வரும்.

ஞானாபரணம்

இன்னொண்ணு. போன வாரம் நீ அவருக்கு யூசுப் கதையைப் பாதியில விட்டுட்டு வந்தியாம். ‘மவனைத் தொலைச்ச அந்த அப்பன் கடைசியில அவனைப் பாத்தானா? பாய் தம்பி வந்து சொல்லுமா?’ன்னு கேக்காரு. அவரு மவன் இன்னும் வரல.

மறுநாள் காலையில் நூர் முகமது தோல் பதனிடும் ஷாப்புக்கு வேலைக்குப் போகவில்லை. அருளப்பனின் கட்டிலருகே உட்கார்ந்து மீதிக் கதையைச் சொன்னான்.