எட்டாம் எண்

சோம்பா
4 மார்ச் 2019

அன்பு மின்ஸாவுக்கு,

நலமா என்று கேட்கக்கூடத் தெம்பில்லை. நலம்தான் என்று வைத்துக்கொள்கிறேன். ஏரி மீன்வள மாநாட்டுக்கு என்னைச் செயலாளராக்கிவிட்டார்கள். வேண்டாம் என்று வாயெடுப்பதற்குள் பேராசிரியர் ம்சுக்வா கைகுலுக்கிவிட்டுப் போய்விட்டார்.

இருநூற்றுப் பதினொரு ஆய்வுச் சுருக்கங்கள் வந்திருக்கின்றன. முந்நூறு சொல் போதும் என்றால், ஒரு மகானுபாவர் தன் முனைவர் பட்ட ஆய்வு முழுவதையும் அனுப்பியிருக்கிறார். மதிப்பிடுகிறேன் என்று ஒப்புக்கொண்ட நாற்பது பேரில் பாதிப் பேர் மூச்சே விடவில்லை. கரண்ட் வேறு நினைத்தால் வருகிறது, நினைத்தால் போகிறது.

நீ அனுப்பினாயா? அனுப்பியிருந்தால் தலைப்பை மட்டும் என்னிடம் சொல்லிவிடாதே. அலுவலகத்துக் கலியாட்டி அம்மா பெயர்களை எடுத்துவிட்டு, வந்து சேர்ந்த வரிசையில் எண் போட்டுத்தான் எங்களிடம் தருகிறார். எது யாருடையது என்று முடிவு வரும்வரை எனக்கும் தெரியக்கூடாது.

களைத்துப்போன உன்
அலினாஃபே


முவான்சா
11 மார்ச் 2019

அடியே அலினா,

புலம்பலைப் படித்துச் சிரித்தேன், கோபித்துக்கொள்ளாதே. ஒரே அறையில் இரண்டு வருடம் உன் புலம்பலைக் கேட்டே எம்.எஸ்ஸி. முடித்தவள் நான்.

அனுப்பிவிட்டேன். அறிவிப்பு வந்த முதல் வாரமே. தலைப்பைச் சொல்ல மாட்டேன், போதுமா? ஆனால் இது எனக்கு விளையாட்டு இல்லை. நாற்பத்தாறு வயதில் இன்னும் உதவி ஆராய்ச்சியாளர். வெளிநாட்டு மேடையில் ஒரு கட்டுரையாவது படித்தவர்களுக்குத்தான் எங்கள் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் பதவி உயர்வு. செப்டம்பரில் நேர்காணல். நேற்று வந்த பையன்களெல்லாம் இப்போது எனக்கு உத்தரவு போடுகிறார்கள். இந்த முறையும் தவறினால் இப்படியே ஓய்வு பெற வேண்டியதுதான்.

என் வீட்டுக்காரர் ஷிஜா கேட்கிறார்: "மூணு வருஷமா வெயில்ல காஞ்சியே, அதுக்கு முந்நூறு சொல்லுதானா?"

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் மின்ஸா


சோம்பா
3 மே 2019

என் மின்ஸா!

அதிகாரக் கடிதம் தனியாக வரும். அதற்குமுன் நான் சொல்லிவிட வேண்டும். தேர்வாகிவிட்டாயடி! எட்டாம் எண், ஐந்துக்கு 4.6. மேடையில் பதினைந்து நிமிடம். கலியாட்டி அம்மா எண்களுக்குப் பெயர் பொருத்திக் கொடுத்த பட்டியலில் உன் பெயரைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்து ஆடினேன். "மேடத்துக்கு என்னாச்சு, எறும்பு கடிச்சிடுச்சா?" என்றார் அவர்.

எனக்கு இப்போது உடம்பெல்லாம் நொந்து கிடக்கிறது. கடைசிவரை பதில் போடாதவர்களின் பங்கில் பதினான்கு மிச்சம். அதையும் ஒரே மாலையில் நானே உட்கார்ந்து மதிப்பிட்டு முடித்தேன். முடித்தபோது கணினியில் அரை மணி நேரத்துக்குத்தான் சார்ஜ் இருந்தது. அவசர அவசரமாக மதிப்பெண்களை வரிசைப்படுத்தி, மேலே வந்த அறுபதைத் தேர்ந்தெடுத்து அனுப்பிவிட்டேன்.

இப்போதாவது தலைப்பைச் சொல்லித் தொலை.

அலினாஃபே


முவான்சா
12 மே 2019

அலினா கண்ணே,

உன் வாயில் சர்க்கரை போட வேண்டும். நிலையத் தலைவர் தேநீர் வேளையில் எல்லார் முன்னாலும் என் பெயரைச் சொன்னார். அந்தப் பையன்கள் கைதட்டினார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கம்கெட்டவள்.

தலைப்பா? டகாப் பொடிமீனை மணலில் பரப்பாமல், வலைபோட்ட தட்டுகளில் உலர்த்தினால் கெடாமல் எவ்வளவு மிஞ்சுகிறது என்பது. இகோம்பே கரையில் மீன் உலர்த்தும் பதினேழு பெண்கள், மூன்று வருடக் கணக்கு. அவர்களிடம் சொன்னதும் ஒரே கூச்சல். "எங்க மீனு மலாவிக்குப் போகுதா? அப்ப எங்க பேரையும் சொல்லு, விட்டுடாத!" என்றாள் ந்யாம்பி. எனக்குப் புதுக் கிடெங்கே துணி எடுத்துத் தைக்கக் கொடுத்துவிட்டார்கள். நீலத்தில் மஞ்சள் பூ.

மேடையில் உளறினால் முன்வரிசையில் உட்கார்ந்து முறைக்காதே.

உன் மின்ஸா


சோம்பா
20 மே 2019

மின்ஸா,

இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்தேன்.

தட்டில் உலர்த்தும் டகா. அந்தச் சுருக்கத்தை நான் படித்திருக்கிறேன். அந்தப் பதினான்கில் அதுவும் ஒன்று. நான் அதற்குக் கொடுத்தது ஒரு மதிப்பெண். "எழுதியவருக்கு மீன் தெரிகிறது, ஆராய்ச்சி தெரியவில்லை" என்று எழுதினேன். உன்னுடையது என்று தெரியாமல் எழுதினேன்.

அப்புறம் 4.6 எப்படி வந்தது என்று தேடினேன். மதிப்பெண்களை மட்டும் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கியிருக்கிறேன். பக்கத்திலிருந்த எண்கள் அசையாமல் அப்படியே நின்றிருக்கின்றன. ஒருவர் மதிப்பெண் இன்னொருவர் தலையில் விழுந்துவிட்டது. முதலில் அனுப்பிய அறுபது பேரைத்தான் நான் தேர்ந்தெடுத்திருக்கிறேன். நல்லது கெட்டது எதுவும் பார்க்காமல்!

யாரும் கண்டுபிடிக்கவில்லை. ம்சுக்வா காதைப் பொத்திக்கொண்டார். "ஐயோ அலினாஃபே, வெளிய தெரியாதுல்ல? அப்படியே விட்டுடும்மா" என்றார். நானும் ஒரு முழு நாள் விட்டுவிடலாமா என்று இருந்தேன், உனக்காக. ஆனால் ஜூபாவிலிருந்து ஒரு பெண் 4.9 வாங்கியும் அவளுக்கு 'வருந்துகிறோம்' என்று போயிருக்கிறது. "தகுதி உள்ளவங்கள வெளிய நிறுத்திட்டு நாம எப்படி சார் மேடை போடுறது?" என்று கேட்டேன்.

திருத்தக் கடிதம் வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் போகும். உனக்கும். இன்னொரு மதிப்பீட்டாளர் மூன்று கொடுத்திருந்தார், சராசரி இரண்டு. என்னை மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அலினாஃபே


முவான்சா
2 ஜூன் 2019

அலினாஃபே,

திருத்தக் கடிதம் வந்தது. நிலையத் தலைவரிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். "பரவால்லக்கா, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார். அந்தப் பரவாயில்லை இருக்கிறதே, அதைவிட ஓர் அறை விட்டிருக்கலாம்.

அடுக்கியதில் நடந்த தப்புக்கு நான் உன்னைக் குறைசொல்லவில்லை. களைத்த கை தவறும். உண்மையைச் சொன்னதும் சரிதான். அந்த ஜூபாப் பெண் நன்றாக இருக்கட்டும்.

அந்த ஒரு மதிப்பெண்தான் தொண்டையில் நிற்கிறது. யாரென்று தெரியாமல் கொடுத்தேன் என்கிறாய். தெரியாமல் கொடுத்ததால்தானே அது உன் உண்மையான எண்ணம்? குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. மழைக்காலக் கணக்கு அரைகுறை என்று எனக்கே தெரியும். ஆனால் பதினான்கை ஒரே மாலையில் முடித்தேன் என்று நீயே எழுதியிருந்தாய். ஒன்றே ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல். என் மூன்று வருடத்துக்கு நீ எத்தனை நிமிடம் கொடுத்தாய்?

மின்ஸா


சோம்பா
9 ஜூன் 2019

மின்ஸா,

ஆறு நிமிடம். நடுவில் ஒரு தொலைபேசி அழைப்பும் வந்தது.

இன்று ஞாயிறு. காலையிலிருந்து உன்னுடையதை மட்டும் படித்தேன். பதினேழு பேரின் தட்டுகளையும் தனித்தனியாக நீ எடைபோட்டிருக்கிறாய். அது இரண்டாம் பத்தியில் இருந்தது. அன்று நான் இரண்டாம் பத்திக்குப் போகவே இல்லை. மழைக்காலக் குறை இருக்கிறது, இல்லையென்று சொல்லி உன்னைச் சமாதானப்படுத்த மாட்டேன். ஆனால் அதற்கு ஒன்று போட்டவளுக்குத்தான் ஆராய்ச்சி தெரியவில்லை.

ம்சுக்வாவிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். நான் மதிப்பிட்ட பதினான்கும் வேறு ஆட்களுக்குப் போகின்றன, பெயரில்லாமல். செயலாளர் வேலையை நேற்றோடு விட்டுவிட்டேன். அதனால் உனக்கு என்ன முடிவு வரும் என்று எனக்குத் தெரியாது. வந்தாலும் ஜூலை நடுவில்தான் வரும். நீ எனக்கு இனி எழுதாமல் போனாலும் அது நியாயம்தான்.

இன்னும் பதின்மூன்று பேர் இருக்கிறார்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் எத்தனை நிமிடம் கொடுத்தேன் என்று எழுதப்போகிறேன். உனக்குத்தான் முதலில் எழுதினேன்.

அலினாஃபே