மூச்சுவிட ஓர் இடம்

பெர்கன்,
செப்டம்பர் 4

அன்புள்ள ஹல்வார்,

உன் பார்சல் வந்தது. புது உருப்படியின் சுரத்தாள்களோடு பாலாடைக்கட்டியும் வைத்து அனுப்பியிருக்கிறாய். முதல் பக்கம் முழுக்க எண்ணெய்க் கறை. விவாகரத்தாகி ஆறு வருஷம் ஆகியும் நான் பட்டினி கிடப்பதாகவே உனக்கு நினைப்பு. நன்றி.

முதல் இரண்டு பகுதிகளையும் சமையலறையில் நின்றபடியே என் ஓபோக் குழலில் வாசித்துப் பார்த்தேன். அடுப்பில் மீன் கருகியதுகூடத் தெரியவில்லை. அவ்வளவு அழகு. நாலு வருஷமாக ஒன்றும் எழுத வராமல் கிடந்தவன் எழுதியது என்றால் நம்ப முடியாது.

மூன்றாம் பகுதிக்கு வந்ததும்தான் எரிச்சல். நாலு பக்கத்துக்கு ஓர் இடைவெளி கிடையாது. நான் எங்கே மூச்சுவிடுவது? புல்லாங்குழல்காரர்களுக்குக் காற்று தீர்ந்துபோகும். எங்கள் பாடு வேறு. சீவாளியின் துளை அவ்வளவு சின்னது. இழுத்த காற்றில் பாதி வெளியே போகாமல் நெஞ்சிலேயே தேங்கிக் கெட்டுவிடும். அதை வெளியே விட்டால்தான் புதிதாக இழுக்க முடியும். ஓபோக்காரியோடு குடித்தனம் நடத்தியவனுக்கு இதைச் சொல்லியா தரவேண்டும்?

இப்படியே இருந்தால் நான் வாசிக்க மாட்டேன். கோலசைத்து எங்கள் குழுவை நடத்தும் போர்கில்ட் மாதக் கடைசிக்குள் பதில் கேட்கிறாள். நான் மறுத்தால் நவம்பர் கச்சேரியில் உன் உருப்படியை எடுத்துவிட்டு வேறு ஏதாவது பழசைப் போட்டுவிடுவார்களாம்.

குத்ருன்

*

வோஸ்,
செப்டம்பர் 9

அன்பு குத்ருன்,

மீன் கருகியதற்கு நான் பொறுப்பில்லை. நாம் சேர்ந்து இருந்த காலத்திலும் அது கருகத்தான் செய்தது.

அந்த நாலு பக்கமும் ஒரே இழுப்பாக வரவேண்டும். நடுவில் நின்றால் உயிர் போய்விடும். மூக்கால் இழுத்துக்கொண்டே வாயால் ஊதுகிற வித்தை உனக்குத் தெரியுமே, அதைச் செய்தால் என்ன? கீழே வயலின்களுக்கு நான் போட்டிருப்பதைக் கவனித்தாயா? உன் ஸ்வரம் ஏற ஏற அவை இறங்கும், பிறகு இரண்டும் ஒன்றையொன்று கடக்கும், பிறகு... சரி, இதை மூன்று பக்கம் எழுதிக் கிழித்துவிட்டேன்.

உன் ஓசையைக் காதில் வைத்துக்கொண்டுதான் எழுதினேன். நீ வாசிக்காவிட்டால் வேறு யாரும் வாசிக்க வேண்டாம். இத்தனை வருஷத்தில் எனக்கு வந்தது இது ஒன்றுதான், குத்ருன். இதுவும் போனால் நான் பியானோவை விற்றுவிட்டு பக்கத்து வீட்டு ஷூரைப் போல ஆடு வளர்க்கப் போகிறேன். அவன் ஆடுகள் மறுபடி வேலி தாண்டி வந்து என் முட்டைக்கோஸைத் தின்றுவிட்டன.

ஹல்வார்

*

பெர்கன்,
செப்டம்பர் 15

அன்புள்ள ஹல்வார்,

அந்த வித்தை எனக்குத் தெரியும். அப்படி வாசித்தால் ஸ்வரம் வரும், பாட்டு வராது.

உனக்கு இடைவெளி என்றாலே பயம். என் அப்பா யோசித்து யோசித்துப் பேசுகிறவர். அவர் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ மூன்றை முடித்துவிட்டு உருளைக்கிழங்கையும் அவர் தட்டில் வைத்துவிடுவாய். கோபத்தில் எழுதவில்லை, சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். ஏன் பிரிகிறாய் என்று அன்றைக்கு நீ கேட்டுக்கொண்டே இருந்தாய். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உன் மூன்றாம் பகுதியைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. உன்னோடு இருந்தபோது எனக்கு மூச்சுவிட இடமில்லை.

ஒன்று செய். அந்த நாலு பக்கத்தையும் நின்றபடி நீயே பாடிப் பார். நடுவில் நிறுத்தி மூச்சுவிடக்கூடாது.

குத்ருன்

*

வோஸ்,
செப்டம்பர் 23

அன்பு குத்ருன்,

பாடினேன். இரண்டாம் பக்கத்தில் காது அடைத்தது. மூன்றாம் பக்கத்தில் மேசையைப் பிடித்துக்கொண்டேன். அந்நேரம் பார்த்து ஷூர் முட்டைக்கோஸுக்கு மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறான். ஜன்னல் வழியே என் முகத்தைப் பார்த்தவன் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து, "யோவ், என்னய்யா ஆச்சு? நெஞ்சு வலியா?" என்றான். இது இசை என்று விளக்கினேன். அவன், "இதுக்கு ஆடே மேய்க்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

பிறகு ஒரு வாரம் உட்கார்ந்தேன். மூன்றாம் பக்கத்தின் முடிவில் இப்போது ஒரு நிறுத்தம் இருக்கிறது. உனக்கு மட்டும் இல்லை, குழு முழுவதற்கும். எவ்வளவு நேரம் என்று குறிக்கவில்லை. நீ ஓபோவை மறுபடி உதட்டுக்குக் கொண்டுபோகும் வரை போர்கில்ட் கோலைத் தூக்கக்கூடாது என்று எழுதியிருக்கிறேன். முதலில் பத்து வினாடி என்று குறித்தேன், அடித்துவிட்டேன். அது உன்னுடைய நேரம்.

நீ சொன்னது இசைக்கு மட்டுமல்ல, மற்றதற்கும் சரிதான். அதைப் பற்றி இதற்குமேல் எழுத மாட்டேன். எழுதினால் நிறுத்த மாட்டேன். ஒத்திகைக்கும் வரவில்லை. வந்தால் வாய் சும்மா இருக்காது.

ஹல்வார்

*

பெர்கன்,
நவம்பர் 21

என் அன்பு ஹல்வார்,

ஒத்திகையிலேயே எல்லோரும் காலைத் தரையில் தேய்த்தார்கள். வயலினும் வில்லுமாய்க் கை நிறைந்திருக்கும்போது எங்கள் கைத்தட்டல் அதுதான். பின்வரிசை டிராம்போன்காரர்கள்கூடத் தேய்த்தார்கள், அவர்கள் உயிரோடிருக்கும் எந்த இசையமைப்பாளருக்கும் தேய்த்து நான் பார்த்ததில்லை.

நேற்று கச்சேரியில் அந்த நிறுத்தத்துக்கு வந்தேன். ஓபோவை இறக்கினேன். போர்கில்ட் கோலைத் தாழ்த்தினாள். அரங்கம் அப்படியே நின்றது. தேங்கியிருந்த காற்றையெல்லாம் வெளியே விட்டேன், புதிதாக இழுத்தேன், உடனே தொடங்கியிருக்கலாம். தொடங்கவில்லை. உன்னைத் தேடினேன். ஆறாவது வரிசையில் இருந்தாய். ஒரு விரலைக்கூட அசைக்காமல், எனக்காகக் காத்திருந்தாய். இவ்வளவு சந்தோஷமாக நான் மேடையில் நின்றதே இல்லை, ஹல்வார். அதனால்தான் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன். வாசிக்க மறந்துவிட்டேன் என்று போர்கில்ட் பயந்தாளாம்.

கச்சேரி முடிந்ததும் ஆளாளுக்கு உன்னைப் பிடித்துக்கொண்டார்கள், நமக்குப் பேச நேரமே கிடைக்கவில்லை. ஆஸ்லோவில் பிப்ரவரியில் இதையே கேட்கிறார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். எட்டு மணி ரயிலில் இரண்டு டிக்கெட் எடுத்திருக்கிறேன். நான் இங்கே ஏறுகிறேன். நீ வோஸில் ஏறி என் பக்கத்தில் உட்கார்.

உன்,
குத்ருன்