என் கையெழுத்து, உன் வார்த்தை

போன திங்கட்கிழமை கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தேன். ஓட்டுநர் ரேடியோ வைத்திருந்தார். நேயர் விருப்பம் நிகழ்ச்சி தொடங்கி ஐம்பது ஆண்டு நிறைகிறதாம், வாரம் முழுக்கப் பொன்விழா கொண்டாடுகிறார்களாம். பழைய நேயர்களை நினைத்துப் பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டு அந்த அறிவிப்பாளர் பெண் முதலில் வாசித்தது உன் பெயரை. 'கச்சிராயபாளையம் கரும்புக் காட்டிலிருந்து' என்று ஊரையும் சேர்த்து.

நீ இறந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. எனக்குக் கண் கலங்கியிருக்க வேண்டும். கலங்கவில்லை. இரண்டாவது பெயராவது என்னுடையதாக இருக்குமா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இல்லை. மூன்றாவதும் இல்லை. செத்த பிறகும் இவள் முந்திக்கொள்கிறாளே என்று வயிறு எரிந்தது. இதை மறைத்துவிட்டு உனக்கு மடல் எழுதினால் நீயே சிரிப்பாய். அதனால் எரிச்சலோடுதான் எழுதுகிறேன்.

கச்சிராயபாளையம் பஸ் நிறுத்தத்தை ஒட்டி எங்கள் ஃபேன்சி கடை இருந்தது. வளையல், ரிப்பன், நூல்கண்டு, சாந்துப் பொட்டு. பிற்பகலில் கரும்புக் காட்டு வேலை முடிந்து நீங்கள் ஏழெட்டுப் பெண்கள் டவுன் பஸ்ஸுக்காக நிற்பீர்கள். மற்றவர்கள் நிழலுக்கு ஒதுங்குவார்கள். நீ மட்டும் என் ரேடியோவுக்குப் பக்கத்தில் வந்து நிற்பாய். கல்வராயன் மலையில் பிறந்து, கல்யாணமாகிக் கீழே இறங்கி வந்தவள் நீ. மலை மேல் உங்கள் வீட்டுப் பாறையில் ஏறி நின்றால் கடல் தாண்டிய நிலையமெல்லாம் துல்லியமாகக் கேட்கும் என்பாய். 'கீழ வந்ததுல அது ஒண்ணுதாங்க்கா எனக்கு நட்டம்.'

ஒருநாள் கேட்டாய். "அக்கா, கார்டு எழுதிப் போட்டா எம்பேரையும் சொல்வாங்களா?"

"சொல்வாங்க. நீ எழுதணுமே."

"எனக்கு எழுத்து வராது. நான் சொல்றேன், நீங்க எழுதுங்க."

நான் பள்ளிக்கூடத்தில் தமிழில் முதல் மதிப்பெண் வாங்கியவள். நீ வருவதற்கு முன்பே பல வருடங்களாக வாரம் ஒரு கார்டு போட்டுக்கொண்டிருந்தேன். 'தேனமுத கீதங்களால் எங்கள் செவி குளிரச் செய்யும் வானொலி நிலையத்தாருக்கு' என்று தொடங்குவேன். முப்பது பெயர்களோடு ஒரு பெயராக என்னை எப்போதாவது வாசிப்பார்கள். கடிதத்தை வாசித்ததே இல்லை.

நீ சொல்லி நான் எழுதிய முதல் கார்டு எனக்கு அப்படியே மனப்பாடம். 'நேத்து நீங்க பாட்டு போட்டப்ப நாங்க கரும்புச் சோகை உரிச்சிக்கினு இருந்தோம். பாட்டு முடியற வரைக்கும் ஒருத்தியும் நிமிரல. அப்புறம் விளம்பரம் வந்திச்சி, எல்லாரும் குந்திட்டோம். விளம்பரத்தக் கம்மி பண்ணாதீங்க.'

இதையா அனுப்புவது என்று நினைத்தேன். பேச்சுத் தமிழைத் திருத்தட்டுமா என்று கேட்டதற்கு, "வேணாங்க்கா, அவங்களுக்குப் புரியும்" என்றாய். அந்த வாரமே முழுதாக வாசித்தார்கள். வாசித்துவிட்டு அறிவிப்பாளர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! என் கடையில் நின்றிருந்த ஜனமெல்லாம் உன்னைப் பார்த்துச் சிரித்தது. நான் வளையல் டப்பாவை அடுக்குவதுபோல் திரும்பிக்கொண்டேன்.

அதன் பிறகு இதே கதைதான். ஒரே பேனா, ஒரே கையெழுத்து, ஒரே தபால் பெட்டி. உன்னுடையதை வாசிப்பார்கள், என்னுடையதை வாசிக்க மாட்டார்கள். ஊரில் உன்னை 'ரேடியோக்காரி' என்றார்கள். கடைக்கு வந்த பெண்கள் என்னிடமே வந்து, "ரேடியோக்காரிக்கு நீங்கதான் எழுதிக் குடுக்கறீங்களாமே" என்பார்கள். ஆமாம் என்று சொல்லும்போது நாக்கு கசக்கும்.

உன் வீட்டுக்காரர் மஞ்சள் காமாலையில் போனார். பிள்ளைக்கு மூன்று வயது. ஒரு மாதம் கழித்துத்தான் நீ வேலைக்கு வந்தாய். நடந்ததை ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னாய். சாவு வீடென்று உன் மாமியார் ரேடியோவை டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பியதும் அவரே பெட்டியைத் திறந்து, "வூடு ரொம்ப அமைதியா கீதுடி, போடு" என்று நீட்டினார். போட்டதும் நேயர் விருப்பம். உன் வீட்டுக்காரர் நோயில் படுக்கும் முன்னால் நாம் அனுப்பிய கார்டு அன்றைக்குத்தான் வாசிக்கப்பட்டது. 'கேட்டு மகிழ விரும்புவோர்' என்று உன் பெயர், அடுத்து அவர் பெயர்.

"ரேடியோல மட்டும் அவரு இன்னும் இருந்தாருங்க்கா. எங்க மாமியா அழுவல. அந்த ரேடியோப் பொட்டியத் தடவிக் குடுத்துக்கினே இருந்துச்சி."

சில வருடம் கழித்து அந்த நிகழ்ச்சிக்கு வெள்ளி விழா வந்தது. எங்கள் நிகழ்ச்சியால் உங்கள் வாழ்வில் மறக்க முடியாததாக ஆன நாள் எது என்று எழுதச் சொன்னார்கள். தேர்ந்தெடுத்தவர்களை நிலையத்துக்கு அழைத்துப் பேச வைப்பார்களாம். நீ அந்தப் பதினாறாம் நாளைச் சொன்னாய். நான் எழுதினேன். அனுப்பிவிடுகிறேன் என்றேன்.

அன்று வீட்டுக்குப் போய் அதை வேறொரு தாளில் எழுதினேன். உன் வீட்டுக்காரரை, இறந்துபோன என் அப்பாவாக, என் அத்தாவாக்கினேன். பதினாறாம் நாளை, எங்கள் முஸ்லிம் வீடுகளில் இறந்தவருக்காக ஓதும் நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவாக்கினேன். உன் மாமியாரை என் அம்மாவாக்கினேன். பெட்டியைத் தடவிக்கொடுத்ததை மட்டும் மாற்ற மனம் வரவில்லை, அப்படியே விட்டேன். கீழே என் பெயரை எழுதினேன். உன் பெயரிட்ட தாளை அடுப்பில் போட்டேன். உயிரோடு இருந்தவரை என் அத்தாவுக்கு ரேடியோச் சத்தமே ஆகாது.

வாசித்தார்கள். வெள்ளி விழா நாளில், முதல் கடிதமாக. நீ என் கடையில்தான் நின்றுகொண்டிருந்தாய். கையில் சாப்பாட்டுத் தூக்கு. அறிவிப்பாளரின் குரல் கடைசி வரியில் தழுதழுத்தது. நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை.

பாட்டு தொடங்கியதும் கேட்டாய். "உங்க அத்தாவுக்கும் அப்டியேவாக்கா நடந்திச்சி?"

"ஆமா."

"பாவம்க்கா."

பஸ் வந்தது, போய்விட்டாய்.

நிலையத்துக்குப் போனேன். புதுப் புடவை, மல்லிகைப்பூ. ஒலிப்பதிவு அறையில் அந்த அறிவிப்பாளர் என் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு உற்றுப் பார்த்தார். "கரும்புக் காட்டிலேர்ந்து எழுதுவாங்களே, அவங்க எழுத்தும் இதேதான். நீங்கதான் எழுதித் தர்றீங்களா?" தலையாட்டினேன். "குடுத்து வெச்சவங்கம்மா நீங்க. அவங்க பேசறதப் பக்கத்துல உக்காந்து கேக்கறீங்க" என்றார். அதற்குப் பிறகு மைக் முன்னால் எனக்கு வார்த்தையே வரவில்லை. பெயரும் ஊரும் சொன்னேன். விரும்பும் பாட்டு எது என்று கேட்டார்கள், அதுகூட மறந்துவிட்டது.

நீ கடைக்கு வருவதை நிறுத்தவில்லை. நூல்கண்டு வாங்குவாய், என் மகளின் படிப்பை விசாரிப்பாய். கார்டு எழுதித் தரச் சொல்வது மட்டும் நின்றுபோனது. வயல் வேலை முடிந்து வந்து, உன் மகளின் இரண்டாம் வகுப்புப் புத்தகத்தை வைத்து நீயே எழுத்து கற்றுக்கொண்டாய் என்று பிறகு தெரிந்தது. நீயே எழுதிய கார்டை ஒருநாள் வாசித்தார்கள். 'எளுத்து கோணையா இருக்கும். ஆனா இது எங்கையி' என்று முடித்திருந்தாய். அன்றைக்கு நான் ரேடியோவை அணைத்தேன். வாடிக்கையாளர் ஒருவர், "இன்னாம்மா, பேட்டரி காலியா?" என்றார்.

கடையை மூடிவிட்டுக் கள்ளக்குறிச்சிக்கு மகள் வீட்டோடு வந்த பிறகு உன்னைப் பார்த்தது மூன்றோ நான்கோ முறை. ஒவ்வொரு முறையும் சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வரும். நீயோ பேச்சை எடுக்கவே மாட்டாய். உனக்குத் தெரியாது என்று நினைத்து நிம்மதியும் பட்டேன், அவ்வளவு வெள்ளந்தியாக ஒருத்தியால் இருக்க முடிகிறதே என்று பொறாமையும் பட்டேன்.

நீ போன பிறகு உன் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க வந்தபோதுதான் உன் மகள் சொன்னாள். காபியைக் கையில் கொடுத்துவிட்டு, கோபமே இல்லாமல், ஊர்க்கதை சொல்வது போலச் சொன்னாள்.

"அம்மா சொல்லிக்கினே இருக்கும் பெரிம்மா. எங்கப்பா செத்தப்புறம் ரெண்டு தபா ரேடியோல வந்தாராம். ஒரு தபா அவரு பேர்ல, ஒரு தபா உங்க அத்தா பேர்ல."

காபியைக் கீழே வைத்தேன். நீ அப்படி எடுத்துக்கொண்டிருக்கிறாய். நான் திருடியதை உன் புருஷனுக்குக் கிடைத்த இன்னொரு வரவு போல. என்னால் பத்து ஜென்மத்துக்கும் அப்படி ஒரு வரி யோசிக்க முடியாது. வெட்கத்துக்கு நடுவிலும் முதலில் எழுந்தது அந்தப் பொறாமைதான், என்ன செய்ய?

போன திங்கட்கிழமை அந்த ஆட்டோவிலிருந்து இறங்கியதும் முடிவு செய்தேன். இப்போது கார்டு கிடையாது, வாட்ஸ்அப்தான். ஆனாலும் தாளில் கையால் எழுதி, அதைப் படமெடுத்து அனுப்பினேன். 'வெள்ளி விழாவில் நீங்கள் வாசித்த கடிதம் என் கதை இல்லை. அது கரும்புக் காட்டிலிருந்து எழுதுவாளே, அவளுடையது. அவள் சொன்னதைத் திருடி என் பெயரில் அனுப்பினேன்.' பிறகு நீ சொன்னபடியே பதினாறாம் நாள், மாமியார், பெட்டி. உன் பெயர், உன் வீட்டுக்காரர் பெயர். கடைசியில் என் பெயரையும் முகவரியோடு தெளிவாக எழுதினேன். ஒப்புக்கொள்கிறேன், அதைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதினேன்.

இன்று மாலை வாசித்தார்கள். நேரம் போதவில்லை போல. திருட்டுப் பகுதியை விட்டுவிட்டார்கள். உன் கதையை முழுதாக வாசித்து, உன் பெயரையும் அவர் பெயரையும் சொல்லிப் பாட்டைப் போட்டுவிட்டார்கள். என் பெயர் வரவே இல்லை.

பாட்டு முடிவதற்குள் உன் மகளிடமிருந்து போன். "பெரிம்மா, கேட்டீங்களா? அப்பா பேரு வந்திச்சி! மூணாவது தபா!"

"கேட்டேன்டி" என்றேன்.

"யாரு எழுதிப் போட்டதுன்னு தெரியல பெரிம்மா. சொல்லவே இல்ல."

நான்தான் என்று சொல்ல எனக்கு எப்படித் துடித்தது தெரியுமா? பல்லைக் கடித்துக்கொண்டு, "யாரோ உங்கம்மாவ நல்லா தெரிஞ்சவங்க" என்றேன். உன்னைப் போல இருந்து பார்த்தது இந்த ஒரு தடவைதான். ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது.