இடம் மாறிய மஞ்சள் டேப்

மார்ச் 3
நாரை அக்கா தோற்கவில்லை. வில்லு ஜெயித்துவிட்டாள், அவ்வளவுதான். உயரம் தாண்டுதல் இறுதிச் சுற்று; வில்லுவுக்குக் கடைசி வாய்ப்பு. அவள் தவறினால் அக்காவுக்குத் தங்கம். ஓடத் தொடங்கும் இடத்துக்கு அடையாளமாக அவள் ஒட்டியிருந்த மஞ்சள் டேப்பை யாரோ ஒருத்தியின் ஷூ ஒரு முழம் இழுத்துவிட்டிருந்தது. வில்லு கவனிக்கவில்லை. அக்கா கவனித்தார். கையைத் தூக்கி நடுவரிடம் சொன்னார். வில்லு அடி அளந்து மறுபடி ஒட்டினாள். ஓடினாள். தாண்டினாள்.
முழுக்க வீடியோ எடுத்து, அக்காவுக்காக நான் நடத்தும் ரசிகர் பேஜில் போட்டுவிட்டேன்.

மார்ச் 4
நாரை ரசிகர் குரூப் தலையிடமிருந்து வாய்ஸ் நோட்: "டேய், அந்த வீடியோவ டெலீட் பண்ணு. நம்ம ஆளு ஏமாளின்னு நாமளே ஊருக்குச் சொல்லணுமா?" எடுக்காவிட்டால் குரூப்பில் இடமில்லையாம். அந்தக் குரூப்புக்கு லோகோ போட்டது யார்? எடிட்டிங்கே அதுக்காகத்தானே யூடியூப் பார்த்துக் கத்துக்கிட்டேன்!
எடுக்க மாட்டேன். அக்கா செஞ்சதுல என்ன வெட்கம்?
அம்மா: "அவ உனக்கு அக்காவா, சித்தியா? சாப்ட்டுட்டு சண்டை போடு."

மார்ச் 5
குரூப்பிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். போங்கடா.

மார்ச் 7
பேட்டி பார்த்தேன். நீங்கள் இருவரும் தோழிகளா என்று கேட்டார்கள்.
"இல்லீங்க. அவ நம்பர்கூட எங்கிட்ட இல்ல," என்றார் அக்கா. "அவ ஒழுங்கா தாண்டணும். அதுக்கு மேல நான் தாண்டணும்."
நன்றி சொன்னீர்களா என்று வில்லுவிடம் கேட்டதற்கு: "எதுக்கு? அவங்க டேப் நகர்ந்திருந்தா நானும் சொல்லியிருப்பேன். அடுத்த தடவையும் நான்தான்."
என்ன திமிர். மூன்று முறை பார்த்தேன்.

ஏப்ரல் 11
அடுத்த போட்டிக்குத் தனியாகத்தான் போனேன். குரூப் எதிர்ப்பக்கம். என் வரிசையில், இரண்டு சீட் தள்ளி, வில்லு பேஜ் நடத்துகிறவள்! கமெண்டில் அவளோடு போடாத சண்டை இல்லை. அவளும் என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.
அக்காவின் கடைசித் தாண்டல். தாண்டினால் தங்கம், இல்லையென்றால் வில்லுவுக்கு. போனைத் தூக்குகிறேன், முன்னால் ஒருவர் எழுந்து நின்றுவிட்டார். இந்தப் பக்கம் சாய்ந்தேன், அந்தப் பக்கம் சாய்ந்தேன்.
"அண்ணே, உக்காருங்க. அவனுக்கு மறைக்குது."
அவள்தான். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பவே இல்லை. அக்கா தாண்டினார். குறுக்குக் கம்பு ஆடக்கூட இல்லை.
வீடியோ போட்டதும் குரூப் தலை மறுபடி சேரச் சொல்லி லிங்க் அனுப்பினார். திறக்கவில்லை.
வீடியோவுக்குக் கீழே வில்லு பேஜ்காரியின் கமெண்ட்: "ஜூன் போட்டில பாப்போம்."
"வா," என்று போட்டேன்.